தழும்பின் இடதும் வலதும்

தைராய்டு அறுவை முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பிய சில மாதங்களில் பெற்றோர் சந்திப்பு நாள் வந்தது. ஒரு மாணவனின் அப்பா வந்து உட்கார்ந்தார். மகனின் கணக்குத் தாளை அவர் முன் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தார், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்து போகும்போது குரலைத் தணித்து, "மேடம், எதுவா இருந்தாலும் சரியாயிடும். மனச மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

நான் நன்றி சொன்னேன். எதற்கு என்று தெரியாமலே சொன்னேன். கோபாலபுரத்துப் பள்ளியிலிருந்து மயிலாப்பூர் வீட்டுக்கு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது, பாதி வழியில்தான் விளங்கியது. அவர் மனதில் இருந்தது தைராய்டு அல்ல. கழுத்தின் குறுக்கே ஒரு காதின் நேரிலிருந்து மறு காதின் நேர்வரை சிவந்து தடித்துப் போயிருந்த அந்தக் கோட்டைப் பார்த்து, நான் எனக்கே ஏதோ செய்துகொண்டு பிழைத்து வந்தவள் என்று நினைத்திருக்கிறார்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என்னை விளக்குக்கு நேராகத் திருப்பி நிறுத்திப் பார்த்தார்.

"நெஜமாவே அப்படித் தெரியறதா?" என்று என் அம்மாவைக் கேட்டார். அம்மா எங்களோடுதான் இருக்கிறாள்.

"மாப்பிள்ளை, நீங்க வேற அசட்டுப்பிசட்டுன்னு கேட்டுண்டு" என்றாள் அம்மா. ஆனால் அவளும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுக்களைக்குப் போனாள்.

அதற்குமுன் அந்தத் தழும்பு என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. அரிக்கும், இழுக்கும், அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு யார் என்னோடு பேசினாலும் அவர்கள் கண் எங்கே போகிறது என்று நான் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்காதவர்கள் வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த வாரமே ஓர் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா, தைராய்டு ஆபரேஷனா? என் சம்சாரத்துக்கும் இதே மாரி கீது. தேங்கா எண்ணெ தடவிக்கினே இரு, போய்டும்." அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டேன். சிலருடைய தோல் அப்படித்தான், காயம் ஆறிய பிறகும் நிறுத்தத் தெரியாமல் வளர்ந்துகொண்டே போகும் என்றார். தி. நகரில் ஒரு தோல் மருத்துவமனையின் பெயரை எழுதிக் கொடுத்தார். அங்கே தழும்புக்கு ஓர் ஆய்வு நடப்பதாகவும் சொன்னார்.

அங்கிருந்த டாக்டர் என்னைவிட இளையவர். மேசைமேல் ஒரே மாதிரி இருந்த இரண்டு ட்யூப்களை வைத்தார். ஒன்றில் 'இடது' என்று ஒட்டியிருந்தது, மற்றதில் 'வலது' என்று.

"மேடம், இதுல ஒண்ணுல மருந்து இருக்கு. இன்னொண்ணு வெறும் ஜெல். இடதுல இருக்கறத இடது பாதியில, வலதுல இருக்கறத வலது பாதியில, காலையிலயும் ராத்திரியும் தடவணும்."

"எதுல மருந்து?"

"உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்சா நான் அந்தப் பக்கத்தக் கொஞ்சம் ஆசையா பாப்பேன் இல்லையா? அதனால தெரியக்கூடாது."

எனக்கு அது பிடித்துப்போனது. நான் கணக்கு டீச்சர். ஒருத்தியின் தோலை இன்னொருத்தியின் தோலோடு ஒப்பிட்டால் ஆயிரம் வித்தியாசம் குறுக்கே வரும். இங்கே என் கழுத்துக்கு என் கழுத்தே ஒப்பீடு. ஒரே தோல், ஒரே வெயில், ஒரே வியர்வை. இதைவிட நியாயமான சோதனை இருக்க முடியாது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும் நீலத்துணியைத் தோளில் போர்த்தி, தாடையை ஒரு கம்பியில் வைக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். பிறகு டாக்டர் தடிப்பையும் நிறத்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார். கடைசியில் என்னையும் போடச் சொல்வார். வலி எவ்வளவு, அரிப்பு எவ்வளவு, பார்க்க எப்படி இருக்கிறது, இடதுக்குத் தனியாக, வலதுக்குத் தனியாக. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டவள் என் கழுத்துக்கு ஓர் எண் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பேன். ஐந்து என்று சொன்ன உடனே ஏழாக இருக்குமோ என்று தோன்றும்.

அங்கேதான் ஓர் அக்கா பழக்கமானார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே ஊன்றியவர்கள். காத்திருக்கும் இடத்தில் தலை நிறைய மல்லிகையோடு உட்கார்ந்திருப்பார். அந்தப் பெரிய கொண்டையைப் பார்த்து, இவருக்கு இங்கே என்ன வேலை இருக்க முடியும் என்று நினைத்தேன்.

"டீச்சரா நீங்க?" என்றார் முதல் நாளே.

"எப்படித் தெரிஞ்சுது?"

"நர்ஸ் ஒரு தடவ சொன்னத நீங்க திருப்பிச் சொல்லி சரியான்னு கேட்டீங்களே. அதான்."

பேச்சுவாக்கில் என் கழுத்தின் கதையைக் கேட்டார். சொன்னேன். அந்த அப்பா சொன்னதையும் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொண்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அது கட்டிக்கொண்ட பொய்முடி. அடியில், பிடரியிலும் காதுக்குப் பின்னாலும், வழவழவென்று வட்ட வட்டமாக வெறும் தோல்.

"கடையில பாதிப் பேருக்குத் தெரியாது டீச்சர். வீட்டுல அவுகளுக்கே ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் காலையில எந்திச்சா தலகாணி பூரா முடி. ஏன்னு கேட்டா ஒரு டாக்டரும் ஒரே பதில் சொல்ல மாட்டேங்காங்க. ஒருத்தர் கவலைங்காரு, ஒருத்தர் ரத்தத்துல ஏதோங்காரு. நான் என்னத்தன்னு நெனைக்க?"

அவர் சேர்ந்திருந்தது முடி கொட்டுவதற்கான வேறோர் ஆய்வில். அதில் தலையைப் பாதியாகப் பிரிப்பதில்லை. சிலருக்கு மருந்துத் தைலம், சிலருக்கு மருந்தில்லாத தைலம். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் முறை நாட்கள் பெரும்பாலும் ஒன்றாகவே வந்தன. வராத நாட்களை அக்கா நர்ஸிடம் பேசி வரவைத்தார்.

வெயில் ஏற ஆரம்பித்த சமயம் அக்காவின் வட்டங்களில் பூஞ்சை போல வெள்ளையாக முடி முளைத்தது. அடுத்த முறை அது கறுத்திருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பிடரியில் வைத்துக்கொண்டார்.

"தொட்டுப் பாருங்க. குத்துதா?"

குத்தியது.

"எனக்கு மருந்துதான் குடுத்திருக்காங்க. அடிச்சுச் சொல்லுதேன். தேய்ச்ச உடனே ஜிவ்வுன்னு ஏறும். வெறுந்தண்ணியா இருந்தா ஏறுமா?"

எனக்கு மட்டும் எதுவும் பிடிபடவில்லை. வலது பக்கம் தட்டையாகி வருகிறது என்று நான் நினைத்தேன். என் கணவர் கிண்டியிலிருந்து வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பார்ப்பார். "இடதுதான். சந்தேகமே இல்ல" என்பார். மறுவாரம், "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, நீ ஏன் இதையே பாத்துண்டிருக்கே?" என்பார். டாக்டர் திரையில் என் படத்தைக் காட்டியபோது இன்னும் குழம்பியது. நான் தினமும் பார்ப்பது கண்ணாடியில். படத்தில் என் வலது, இடது ஓரத்தில் இருந்தது. நன்றாகத் தேறியிருப்பது எது என்று விரலை நீட்டப் போய், நீட்டிய விரலைத் திரும்ப மடக்கிக்கொண்டேன்.

"இது வலதுதானே டாக்டர்?"

"உங்க வலது மேடம்."

அவர் அப்படிச் சொன்னது அப்போது எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது.

மழைக்காலத்தில் எனக்கு சிக்குன்குனியா வந்தது. விரல்கள் மடங்கவில்லை. டம்ளரைப் பிடிக்க முடியாது, ட்யூபின் மூடியைத் திறக்க முடியாது. அம்மா நான் தடவி விடுகிறேன் என்றாள். காலையும் இரவும் நான் நாற்காலியில் உட்கார்ந்து தாடையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வேன். அம்மா எதிரே நின்று, எழுத்தைப் படித்துப் படித்து, ஒவ்வொரு பக்கமாகத் தடவுவாள். அவள் விரல் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். சிறுவயதுக்குப் பிறகு அவள் என்னைத் தினமும் தொட்டது அப்போதுதான். உண்மையைச் சொன்னால், கை சரியான பிறகும் சில நாள் சரியாகவில்லை என்றே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று நானே 'இடது' ட்யூபை எடுத்துத் தடவிக்கொண்டேன். அம்மா துண்டும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏண்டி, அந்தப் பக்கம் இல்லடி அது."

"எந்தப் பக்கம்?"

"இடதுன்னு போட்டிருக்கே. இந்தப் பக்கம்னா தடவணும்." அவள் என் வலது பக்கத்தைத் தொட்டாள்.

"அம்மா, இது வலது."

"எதிர்த்தாப்ல நின்னு பாரு. இது இடது."

"அது உன் இடதும்மா!"

"பின்ன? தடவறது நான்தானே?"

"கழுத்து என்னோடதும்மா!"

அம்மா தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி, பின்னால் வந்து நின்று, மறுபடி முன்னால் வந்து நின்றாள். அவள் முகம் மெல்ல மாறியது. "ஐயோ, இத்தனை நாளுமா?" என்றாள். கிட்டத்தட்ட ஒரு மாதம், மருந்து எதுவோ அது மருந்தில்லாத பக்கத்துக்கும், மருந்தில்லாதது மருந்துப் பக்கத்துக்கும் போயிருக்கிறது. நான் கோபப்பட நினைத்தேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, நேரம் வேறு ஆகிவிட்டது. எட்டு பி வகுப்பில் அன்று பிரதிபலிப்புப் பாடம். பாதியில் நிறுத்திவிட்டு ஒரு பையனை எழுந்து என் எதிரே நிற்கச் சொன்னேன். "உன் இடது கையைத் தூக்கு" என்றேன். தூக்கினான். நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்புறம் மிஸ்?" என்று கேட்டான்.

மாலையே டாக்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"சொன்னதுக்கு தேங்க்ஸ் மேடம். பல பேர் சொல்ல மாட்டாங்க. இனிமே சரியா தடவுங்க."

"என் படமெல்லாம்?"

"நோட் பண்ணி வெச்சுக்கறோம். ஆனா எண்ணிக்கையில உங்கள சேக்க முடியுமான்னு தெரியல."

எனக்கு ஏன் அவ்வளவு வருத்தமாக இருந்தது என்று இப்போதும் தெரியாது. அவர்கள் கேட்டது என் கழுத்தை மட்டும்தான். அதை நான் சரியாகக் கொடுக்கவில்லை என்றிருந்தது. அம்மாவிடம் மட்டும், "ஒண்ணும் பரவாயில்லையாம்" என்றேன்.

ஆய்வு முடிந்து, யாருக்கு எது மருந்து என்று மறைத்து வைத்திருந்ததைப் பிரித்த பிறகு, விரும்புகிறவர்களுக்கு அவரவர் விவரத்தைச் சொல்வதாகக் கூப்பிட்டார்கள். இரண்டு ஆய்வுகளும் அடுத்தடுத்து முடிந்திருந்தன. அக்காவும் நானும் சேர்ந்தே போனோம். அக்கா தன்னோடு என்னையும் உள்ளே அழைத்தார்.

டாக்டர் அக்காவிடம் முதலில் சொன்னார். "அம்மா, உங்களுக்கு வந்தது மருந்தில்லாத தைலம்."

அக்கா சிரித்தார். "வெளையாடாதீங்க டாக்டர்."

"இல்லம்மா. நெஜம்தான்."

"அப்ப முடி எப்பிடி வளந்துச்சு?"

"இந்த வகையில சில பேருக்குத் தானாவே திரும்பி வரும். ஏன் வருதுன்னும் முழுசா தெரியாது, ஏன் போகுதுன்னும் முழுசா தெரியாது. உங்களுக்கு நல்லா வந்திருக்கு, சந்தோஷமா இருங்க."

"ஜிவ்வுன்னு ஏறுச்சே?"

"ரெண்டு தைலமும் ஒரே மாதிரி இருக்கணும்னு அந்த எரிச்சலையும் சேத்தேதான் செஞ்சிருப்பாங்க."

அக்கா தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அது இன்னும் இருக்கிறதா என்பது போல. பிறகு கேட்டார்: "அந்த வெறுந்தைலமே இன்னொரு பாட்டில் கிடைக்குமா?"

"அத நான் எப்படிம்மா எழுதித் தர்றது? வேணும்னா மருந்துத் தைலம் தர்றேன். ஆய்வுல இருந்தவங்களுக்குத் தர்றதா இருக்கோம்." டாக்டர் ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அக்கா அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

என் முறை வந்தது. இடதில்தான் மருந்து இருந்ததாம். ஆனால் நடுவில் பக்கம் மாறிப்போனதால் என் கழுத்திலிருந்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது என்றார். "ஆனா பாருங்க, ரெண்டு பக்கமுமே நல்லா அமுங்கியிருக்கு. நாள் ஆக ஆகத் தழும்பு தானாவும் கொஞ்சம் இறங்கும்."

"மருந்தாலயா, நாளாலயா?"

"உங்க விஷயத்துல சொல்ல முடியாது மேடம்."

"மத்தவங்க எல்லாரையும் சேத்துப் பாத்தா?"

"அது இன்னும் கணக்குப் போட்டுட்டிருக்காங்க."

வெளியே வந்து பக்கத்திலிருந்த ஓட்டலில் காபி சொன்னோம். கடைவீதியின் இரைச்சல் உள்ளேயும் வந்துகொண்டிருந்தது. அக்கா காபியைத் தொடவில்லை.

"முடி மொளச்ச நாள்லருந்து நான் அந்தப் பாட்டில சாமி படத்துக்கு முன்னால வச்சுல்லா எடுப்பேன் டீச்சர். வெறுந்தண்ணிக்கா நான் அத்தன நன்றி சொன்னேன்?"

"முடி வந்துதே அக்கா. அது நெஜம்தானே."

"அதத்தான் சொல்லுதேன். மருந்து குடுத்துச்சுன்னா, திரும்பப் போனா மருந்துகிட்டப் போய் நிக்கலாம். இது எதும் குடுக்காம வந்துருக்கு. அப்ப போணும்னு நெனைச்சாலும் கேக்காமத்தான போவும்?" டம்ளரை நகர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க கணக்கு டீச்சர். சொல்லுங்க, இந்த மருந்தத் தேய்க்கவா, வேண்டாமா? நல்லா இருக்கற முடியில தேய்ச்சு ஏதாச்சும் ஆயிட்டுன்னா? தேய்க்காம விட்டு ஏதாச்சும் ஆயிட்டுன்னா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பலகையில் எழுதி விளக்கக்கூடிய எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. "தெரியல அக்கா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் ஏதோ மறைக்கிறேனோ என்கிற சந்தேகம் மட்டும் இருந்தது.

அவர் தேய்க்கவில்லை. சில மாதம் கழித்துக் காதோரம் ஒரு சின்ன வட்டம் விழுந்தது. அழுகையோடு கூப்பிட்டார். டாக்டரிடம் போகச் சொன்னேன். போகலாம் போகலாம் என்று இருந்தபோதே அது தானாக மூடிக்கொண்டது. அப்போதும் கூப்பிட்டார். "மூடிட்டு டீச்சர்" என்றார். சந்தோஷமான குரல் என்று சொல்ல முடியாது. ஏமாற்றப்பட்டவரின் குரலும் அல்ல. பெயர் தெரியாத யாரோ வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனால் நாம் எப்படிப் பேசுவோமோ அப்படி இருந்தது.

சென்ற மாதம் என் கணவரின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். புடவை எடுக்க அக்காவின் கடைக்குப் போனேன். முதலில் அவரை அடையாளம் தெரியவில்லை. கொண்டை இல்லை, கட்டுமுடி இல்லை. காதளவில் வெட்டிவிட்ட சொந்த முடி, ஒரு கிளிப். பூ வைக்க இடமில்லாமல் அந்தக் கிளிப்பிலேயே ஒரு துண்டு மல்லிகையைச் செருகியிருந்தார்.

"திருப்பதிக்குப் போயிருந்தீங்களான்னு எல்லாரும் கேக்காங்க" என்றார். "ஆமான்னுட்டேன். வேற என்னத்தச் சொல்ல?"

வெளிச்சத்துக்கு என்னைத் திருப்பிக் கழுத்தைப் பார்த்தார். "எது மருந்துப் பக்கம்?"

"இடது" என்றேன். உடனே, "என் இடது" என்றேன். அதிலும் ஒரு மாதம் போக.

அக்கா இரண்டு பக்கத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு புடவைகளை விரிக்கச் சொன்னார். கரும்பச்சையில் ஒன்றை எடுத்தோம். ரவிக்கைக்கு அளவெடுக்க மாடியிலிருந்த தையற்காரரைக் கூப்பிட்டார். அவர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"கழுத்து எப்பிடிம்மா வைக்கட்டும்?"

அந்தப் பெற்றோர் சந்திப்புக்குப் பிறகு நான் தைத்ததெல்லாம் காலர் வைத்த ரவிக்கைகள். அதையே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, "காலர்லாம் வேண்டாம், நல்லா எறக்கி வைங்க" என்றார்.

"இருங்க அக்கா, நான் இன்னும் யோசிக்கல."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க நிறைய இருப்பது போலவும் இருந்தது, ஒன்றுமே இல்லாதது போலவும் இருந்தது. தையற்காரர் என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் நாடாவை என் தோளில் வைத்து அளக்க ஆரம்பித்தார்.